மழை லீவில் பார்த்த ஊர்கள்

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில், இந்த மே மாதத்துக்கு முன்புவரை, நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து ஊர் சுற்றிப் பார்த்தது மொத்தம் பதினோரு தடவை. பதினோரு தடவையும் மழை. போன இடத்தில் எதிர்பாராமல் பெய்த மழை என்று நினைத்துவிடாதீர்கள். மழை கொட்டப்போகிறது, யாரும் வெளியே போகாதீர்கள் என்று டி.வி.யில் சொல்லச் சொல்ல, குடையை எடுத்துக்கொண்டு வேலைமெனக்கெட்டுக் கிளம்பிப் போனோம். வேறு வழியில்லை. எங்களுக்கு வாய்த்த லீவு அப்படி.

அவருக்கு மரக்காணத்தில் உப்பளம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. தை மாதம் தண்ணீர் வடிந்து பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்த ஆரம்பித்தார்களானால் புரட்டாசி முடியும்வரை உப்பளக்காரருக்கு நல்லது கெட்டது கிடையாது. வெயில் ஏற ஏற உப்பு இறங்கும், அவர் முகமும் மலரும். ஐப்பசியில் மழை பிடித்து அளம் முழுக்க முழுகிப் போன பிறகுதான் தனக்கு ஒரு குடும்பம் இருப்பது அவருக்கு ஞாபகம் வரும். எனக்கு லீவு மே மாதம். கொளுத்துகிற அந்த மாதத்தில் அவரிடம் போய் எங்கேயாவது போகலாமா என்று கேட்டால், கடையைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்கு வா என்று சொன்ன மாதிரி என்னைப் பார்ப்பார். மாதா கோயிலில் எங்களுக்குக் கல்யாணம் முடித்து வைத்த சாமியார் சம்மதம் கேட்டார், சாட்சி கேட்டார், ரெண்டு பேருக்கும் லீவு எப்போது என்று மட்டும் கேட்காமல் விட்டுவிட்டார்.

இரண்டு பேர் லீவும் ஒன்றாக வருகிற இடம் ஒன்றே ஒன்றுதான். கனமழை காரணமாகப் பள்ளிகளுக்குக் கலெக்டர் விடுகிற லீவு. காலையில் செய்தி ஓடும். ஊரில் எல்லோரும் கதவைச் சாத்துவார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு டீச்சர், லீவு வுட்டுட்டாரு" என்பார்.

முதன்முதலில் போனது ஆலம்பரைக் கோட்டை. எங்கள் ஊருக்கு வடக்கே கழிமுகத்தை ஒட்டி இருக்கிறது. இடிந்த செங்கல் கோட்டை, அந்தக் காலத்தில் கப்பல் வந்து நின்ற இடம் என்று சொல்வார்கள். கல்யாணமாகி முதல் வருடம். நான் பாண்டிச்சேரிப் பெண். மாலை நேரத்தில் கடற்கரைச் சாலையில் நடந்து வளர்ந்தவள். புதுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். கோட்டைக்குள் நுழைந்ததும் காற்று குடையைப் பிடுங்கி முள்ளுச் செடிக்குள் எறிந்தது. ஒரு சுவருக்குப் பக்கத்தில் ஒண்டி நின்றோம். மழை திசை மாறியதும் அதே சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம். நான் பார்த்த ஆலம்பரைக் கோட்டை என்பது ஒரே ஒரு சுவரின் இரண்டு பக்கம்.

"நல்லாருக்குதா?" என்று கேட்டார்.

"மீதி கோட்டை எங்க?" என்றேன்.

"வெயில் நாள்ல வந்தா தெரியும். ஒரு நாளு கூட்டினு வர்றேன்" என்றார். அந்த ஒரு நாளுக்காகத்தான் இருபத்தாறு வருடம் காத்திருந்தேன் என்று சொன்னால் மிகையாக இருக்கும். அவ்வப்போது சொல்லிக்காட்ட அதை நான் பத்திரமாக வைத்திருந்தேன் என்பதே சரி.

அதற்கப்புறம் எங்கள் சுற்றுலா இப்படியே வளர்ந்தது. பாண்டிச்சேரியின் தாவரவியல் பூங்காவுக்குப் போனபோது கேட் சாத்தியிருந்தது. காவலாளி கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, லீவு வுட்டு வூட்டுல இருக்கச் சொல்லிருக்காங்க. நீங்க எங்க வந்தீங்க?"

"லீவு வுட்டதாலதாங்க வந்தோம்" என்றார் இவர்.

பாண்டிச்சேரி ஊர் நடுவில் இருக்கிற பூங்காவுக்குக் கேட் பிரச்சினை இல்லை, உள்ளே விட்டார்கள். வெள்ளை மண்டபத்துக்கு அடியில் நாங்களும் நாலைந்து நாய்களும் ஒதுங்கினோம். பக்கத்தில் ஒரு ஃபவுண்டன் உண்டு. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஓடிக்கொண்டிருக்கும். இவரோடு நான் போன தடவையெல்லாம் அது ஓடியதே இல்லை. ஒருமுறை தோட்டக்காரரிடம் கேட்டே விட்டேன். "மழையில யாருனா ஃபவுண்டன் போடுவாங்களாம்மா?" என்றார் அவர். நியாயமான கேள்வி. என் வீட்டுக்காரருக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை. அவர் எந்த இடத்துக்குப் போனாலும் பார்ப்பது ஒன்றைத்தான். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று. "இந்தப் பார்க்குக்கு வாட்டம் சரியில்ல டீச்சர். வடக்கால ஒரு சாண் எறக்கிருந்தா தண்ணி இப்படி நிக்காது." புல்வெளி, பூ, சிலை எதுவும் அவர் கண்ணில் படாது. உலகமே சரியாக மட்டம் பார்க்காமல் போட்ட பாத்தி என்பது அவர் அபிப்பிராயம்.

எங்கள் மகள் இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறாள். அவள் மூன்றாவது படிக்கும்போது 'நான் பார்த்த பூங்கா' என்று படம் வரையச் சொன்னார்கள். மற்ற பிள்ளைகள் ஊஞ்சல், மஞ்சள் சூரியன் என்று வரைந்திருக்க, இவள் தாள் முழுக்கச் சாம்பல் நிறத்தைத் தேய்த்து, நடுவில் மூன்று குடையும் ஒரு நாயும் வரைந்து வைத்தாள். வகுப்பு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார்.

வெயில் நாளில் எங்கள் ஊருக்கே சுற்றிப் பார்க்க ஆட்கள் வருவார்கள் என்பதுதான் இதில் எரிச்சல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை நிறுத்திவிட்டு இறங்கி, உப்புக் குவியலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். காஷ்மீர் மாதிரி இருக்கிறது என்பார்கள். ஒரு பெண் குவியலில் சாய்ந்து படுத்தே விட்டாள். எழுந்ததும் முதுகெல்லாம் அரிக்கிறது என்று அவளுடைய கணவனிடம் சண்டை பிடித்தாள். அவர்கள் ஷூ காலோடு பாத்திக்குள் இறங்கினால் மட்டும் இவருக்கு ரத்தம் கொதித்துவிடும். வெறுங்காலால் வாரக்கணக்கில் மிதித்து வழவழவென்று ஆக்கிய தரை அது. ஒரு குதிகால் குழி விழுந்தாலும் அந்த இடத்தில் உப்போடு சேறும் சேர்ந்து வரும். "ஏம்பா, உங்க வூட்டு சோத்துத் தட்டுல நாங்க செருப்போட ஏறுனா சும்மா இருப்பியா?" என்று வரப்பிலிருந்தே கத்துவார். அவர்கள் அதையும் வீடியோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

மேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்பு வாரிக் குவித்திருக்கும்போது கோடை மழை ஒன்று அடித்தால் போதும், குவியல் கரைந்து வந்த வழியே கடலுக்குப் போய்விடும். அதனால் வானத்தில் ஒரு கைக்குட்டை அளவு கருப்புத் தெரிந்தாலும் எங்கள் ஊரில் முதலில் பார்ப்பது இவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். இவர் சட்டென்று எழுந்து, நடுவழியே விறுவிறுவென்று நடந்து வெளியே போய்விட்டார். தன் பிரசங்கம் அவரைக் குத்திவிட்டதோ என்று சாமியாருக்குச் சங்கடம். மறுநாள் வீடு தேடி வந்து, மனசில் ஏதும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். பக்கத்துச் சன்னலில் மேகத்தின் ஓரம் தெரிந்தது, அவ்வளவுதான் விஷயம் என்று நான் விளக்கிச் சொன்னேன். சாமியாருக்கு அது இன்னும் சங்கடமாகப் போய்விட்டது.

போன வருடம் வகுப்பில் பழைய துறைமுகங்கள் பாடம் நடத்தினேன். அரிக்கமேடு, ரோமானியர் வாணிபம், ஜாடி, மணி என்று வருடா வருடம் நடத்துகிற பாடம். முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "டீச்சர், நீங்க அரிக்கமேடு பாத்துருக்கீங்களா?" என்றாள்.

"பாத்துருக்கேன்."

"எப்படி டீச்சர் இருக்கும்?"

"ஈரமா இருக்கும்" என்று வாயில் வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. உண்மையில் நாங்கள் அங்கே போன அன்று வழி சேறாகி, தகவல் பலகைவரைதான் போக முடிந்தது. பலகையைப் படித்துவிட்டுத் திரும்பினோம். பாண்டிச்சேரியைச் சுற்றி இருக்கிற எல்லாப் பலகையும் எனக்கு மனப்பாடம். பலகைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் முடிவு செய்துவிட்டேன். வருகிற மே மாதம் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நல்ல வெயிலில் அரிக்கமேடும் பூங்காவும் பார்த்தாக வேண்டும். இவர் வந்தாக வேண்டும். முடியாது என்பார், தெரியும். அதற்கு நான் என்ன சொல்ல வேண்டும், அதற்கு அவர் என்ன சொல்வார், அதற்கு நான் எந்த வருடத்து எந்தப் பேச்சை எடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். மே மாதம் சாப்பாடு போட்டுக்கொண்டே ஆரம்பித்தேன்.

"ஏங்க, அடுத்த வாரம் ஒரு நாள் அரிக்கமேடு போலாங்களா?"

"போலாம்" என்றார்.

எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. இத்தனை மாதம் கூர் தீட்டி வைத்த சண்டை அத்தனையும் வீண். "உப்பு?" என்று நானே கேட்டேன். "ஆளுங்க பாத்துப்பாங்க" என்றார். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

அந்த சீசனில் அவர் இரண்டு தடவை வரப்பிலிருந்து சறுக்கிப் பாத்திக்குள் விழுந்திருந்தார். ஒருமுறை வாசற்படியில் இருந்த குடத்தை இடறித் தண்ணீரெல்லாம் கொட்டினார். நான் விட்டேனா. "வயசுப் பையன் மாதிரி எங்க பாத்துக்கினு நடக்கிறீங்க" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். தை மாதத்தில் எங்கள் பங்குக் கோயிலில் கண் முகாம் நடந்தது. நான்தான் அவரைத் தள்ளிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினேன். நிறுத்திவிட்டு டீ கொடுக்கிற வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து என்ன சொன்னார்கள் என்று கேட்டதற்கு, "வயசாயிடுச்சுன்னு எழுதிக் குடுத்துருக்காங்க" என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். அதற்கும் சிரித்தேன்.

கிளம்புகிற அன்று பைக்கை எடுக்கவில்லை. "பஸ்ல போலாம்" என்றார். சன்னலோரச் சீட்டை எனக்குக் கொடுத்தார். சரி, இன்றைக்கு எல்லாமே தலைகீழ்தான் என்று நினைத்துக்கொண்டேன். வெயில் காலை எட்டு மணிக்கே சுள்ளென்று அடித்தது. அப்பாடா என்று இருந்தது. பொம்மையார்பாளையம் தாண்டும்போது வாடகை ஸ்கூட்டரில் அரை டிராயரோடு போகிறவர்களைக் காட்டி, "பாருங்க, இவங்கள்லாம் உங்க குவியல்ல படுக்கத்தான் போறாங்க" என்றேன். அவர் நேராக முன்னால் பார்த்தபடியே சிரித்தார்.

அரியாங்குப்பத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து அரிக்கமேட்டுக்குப் போனோம். மாமரங்கள், காய்ந்த சருகு, அதற்குள் இரண்டு உயரமான செங்கல் சுவர், அவ்வளவுதான். கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடியைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பெண் தரையைப் பெருக்குகிற மாதிரி கவுன் போட்டிருந்தாள். "மேடம், அந்த ரோமன் தூண்ல கைய வைங்க" என்றார் படக்காரர்.

டீச்சர் புத்தி சும்மா இருக்குமா. "தம்பி, அது ரோமானியர் கட்டுனது இல்ல. ரொம்பப் பின்னால சாமியாருங்க தங்கறதுக்குக் கட்டுன வீடு" என்றேன்.

"அப்போ ரோமன் எங்க மேடம்?"

"மண்ணுக்கு அடியில. தோண்டிப் பாத்துட்டுத் திரும்ப மூடிட்டாங்க."

"மூடுனத எப்படி மேடம் படம் எடுக்கறது? ஆல்பத்துல இதயே ரோமன்னு போட்டுக்கறோம்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். நான் மட்டும் என்ன, பார்க்காததைத்தான் வருடக்கணக்காகப் பாடம் நடத்தினேன். இருபத்தாறு வருடம் காத்திருந்து, நல்ல வெயிலில், கண்ணுக்கு எதிரே, ஒன்றுமே இல்லாததைப் பார்த்தேன். மழையில் பார்த்த பலகையில் இதைவிட விஷயம் இருந்தது.

இவர் சுவரைத் தடவிக்கொண்டே போனார். செங்கல்லில் வெள்ளையாகப் பூத்திருந்ததை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். "உப்பு ஏறிடுச்சு டீச்சர். சொவரு ரொம்ப நாள் தாங்காது" என்றார். படக்காரர், மணப்பெண், மாப்பிள்ளை மூன்று பேரும் சுவரை நக்குகிற மனிதரை வாய் பிளந்து பார்த்தார்கள். நான் எனக்குச் சம்பந்தமில்லாதவர் மாதிரி மாமரத்தைப் பார்த்தேன். அடுத்த அடியில் அவர் ஒரு வேரில் தடுக்கி, தடுமாறி, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வரப்புலயே நடந்து பழகுனவருக்குத் தரையில நடக்கத் தெரியல" என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை. என் முழங்கைக்கு மேலே பிடித்தபடியே நடந்தார். கல்யாணமான புதிதில்கூட வெளியிடத்தில் இவர் என்னைத் தொட்டது கிடையாது. ஜோடிகள் படம் எடுக்கிற இடத்தின் ராசி போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பியபோதுதான் கடல் பக்கம் கவனித்தேன்.

கறுத்துக்கொண்டு வந்தது. கைக்குட்டை அளவு இல்லை, பாதி வானம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென்னை எல்லாம் இருட்டிப்போய் நின்றன. அவருடைய இடது தோளுக்கு நேராக இருந்தது அந்த மேகம். இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கையை உதறுவார், பஸ் எத்தனை மணிக்கு என்பார், ஓடுவார். என் வெயில் நாள் இத்தோடு சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவர் உதறவில்லை. மாமரத்தைப் பார்த்து, பரவாயில்லை நிழல் இருக்குது என்று ஏதோ சொல்லிக்கொண்டு நடந்தார்.

"மேகத்தப் பாத்தீங்களா?" என்றேன்.

"ம், பாத்தேன்" என்றார். நின்று, தலையை வலது பக்கம் திருப்பினார். மேலே பார்த்தார். பிறகு இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார், சாவியைத் தொலைத்தவர் அலமாரியைத் தேடுகிற மாதிரி. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எங்க?" என்றார்.

வரப்பு, குடம், பஸ், சன்னலோரச் சீட்டு, முழங்கைப் பிடி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் முகத்தில் அறைந்தது.

"கண்ணு முகாம்ல உங்களுக்கு என்ன சொன்னாங்க?"

"நேரா இருக்கறது தெரியுது. ஓரத்துல இருக்கறதுதான் கொஞ்ச நாளா பிரிய மாட்டேங்குது."

"அவங்க என்ன சொன்னாங்கன்னு கேட்டேன்."

"கண்ணுல அழுத்தமாம். ஒரு வாரத்துல பெரியாஸ்பத்திரில காட்டச் சொன்னாங்க."

"தை மாசம் சொன்னாங்க. எப்ப காட்டறதா இருந்தீங்க?"

"ஐப்பசில" என்றார். "மழை லீவு வுடுவாங்க இல்ல, ரெண்டு பேருமா போயிட்டு வந்துடலாம்னு."

நான் அவரைத் திட்டினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் கல்யாணத்துக்குப் பிறகு எப்படி இருக்கும் என்பதை இலவசமாகப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது, கோபம் அதைவிட அதிகமாக வந்தது. பாதிக் கோபம் என் மேல். ஊரில் உள்ள அத்தனையையும் கண்டு கேலி பேசுகிற எனக்கு, பக்கத்தில் படுத்திருக்கிறவர் கண் தெரியாமல் தடுமாறியது கேலியாகத்தான் தெரிந்திருக்கிறது.

"அப்புறம் இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?"

"அதுவரைக்கும் தாங்குமோ தாங்காதோன்னு இருந்துச்சு. நீயும் வெயில்ல பாக்கணும்னு சொல்லினே இருந்த. நானும் பாத்துடலாம்னுதான்."

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. உப்பளத்து மேஸ்திரி. ஸ்பீக்கரில் போட்டார். "அண்ணே, மேகம் கட்டிக்கினு வருது. குவியல மூடறதுக்குக் கீத்து பத்தாது. தார்ப்பாய எடுக்கலாம்னா ஷெட்டு பூட்டிருக்குது, சாவி உங்ககிட்ட இருக்குது." இவர் இடுப்பைத் தடவினார். சாவிக்கொத்து அங்கேயே இருந்தது. ஒரு நாள் லீவில் வந்தவர் சாவியை விட்டுவிட்டு வர மறந்திருக்கிறார். லீவு எடுத்துப் பழகாதவர் செய்கிற தப்பு.

"பஸ் எத்தினி மணிக்கு?" என்றார்.

அங்கே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் மழை குவியலை முடித்திருக்கும். அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் மழை பெய்யும்போது குவியல் பக்கத்தில் இல்லாமல் அவரால் இருக்க முடியாது, அதுதான் விஷயம். பாண்டிச்சேரிப் பெரியாஸ்பத்திரியில் சீட்டு எழுதுவது பதினொரு மணிவரைதான். இப்போது பத்து.

போனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். "பூட்ட ஒடைங்க" என்றேன்.

"அண்ணன் திட்டுவாருங்க அண்ணி."

"நான் பாத்துக்கறேன். ஒடைச்சு மூடுங்க. மூடுன வரைக்கும் மூடுங்க, மீதி போனா போவட்டும்."

"போவட்டுமா?" என்றார் இவர். யாரோ செத்துப்போன செய்தி கேட்டவர் மாதிரி இருந்தது அவர் முகம். "நாலு மாச வேல டீச்சர் அது. சீசன் முடியட்டும், அப்புறம் நீ எங்க கூப்புட்டாலும்..."

"உப்பு கரைஞ்சா அடுத்த பட்டம் வெளையும். கண்ணு வெளையுமா?"

"சீசன்ல எப்படி..."

"இன்னிக்கு உங்களுக்கு லீவு" என்றேன். "கலெக்டர் வுடல. நான் வுடறேன்."

ஆட்டோ பிடித்து அவரை ஏற்றினேன். வழியில் மழை பிடித்து, கண்ணாடியில் தாரை தாரையாக வழிந்தது. ஒவ்வொரு முறை இடி இடித்தபோதும் அவர் கை சாவிக்கொத்தை இறுக்கியது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆட்டோவைத் திருப்பச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் என் மகள் வயசில் ஒரு டாக்டரம்மா. இயந்திரத்தில் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் பொட்டு தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அமுக்க வேண்டிய பல நேரத்தில் இவர் கை சும்மா இருந்தது. "ஓரப் பார்வை நிறைய போயிருக்குது. போனது திரும்ப வராதுங்க. இருக்கறதக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து ஒரு நாள்கூட விடக்கூடாது" என்றார். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் என்று கேட்டேன். டாக்டரம்மா சீட்டில் எழுதுவதை நிறுத்தி இவரைப் பார்த்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கண்மணியை விரியவைக்க மருந்து விட்டார்கள். கொஞ்ச நேரத்துக்கு எதுவும் சரியாகத் தெரியாது, வெளிச்சம் கூசும், வெளியே உட்கார்ந்துவிட்டு வாருங்கள் என்றார்கள். மழை விட்டிருந்தது. பூங்கா பக்கத்திலேயே இருந்ததால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தேன். மேகம் விலகி, வெயில் மறுபடியும் பளீரென்று அடித்தது. அவர் கண்ணை இறுக மூடி, அதன்மேல் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டார். மேஸ்திரி கூப்பிட்டு, பூட்டை உடைத்ததாகவும், மூடுவதற்குள் குவியல் பாதிக்கு மேல் போய்விட்டதாகவும் சொன்னார். "சரிப்பா" என்றார் இவர்.

இந்தப் பூங்காவை இவரோடு நான் வெயிலில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மண்டபம் வெள்ளை வெளேரென்று இருந்தது. புல் பளபளத்தது. பிள்ளைகள் சறுக்குமரத்துக்கு வரிசையில் நின்றார்கள். நான் கேட்ட நாள் இதுதான், கேட்டபடி எல்லாம் இருந்தது.

"தண்ணி சத்தம் கேக்குதே" என்றார். "மறுபடியும் மழையா?"

"இல்லங்க. ஃபவுண்டன் ஓடுது."

"ஓடுதா?" கைக்குட்டைக்கு அடியில் அவர் வாய் சிரித்தது. "வெயில் நாள்ல வந்தா தெரியும்னு சொன்னேன் இல்ல. எப்படி இருக்குது, சொல்லு டீச்சர்."

பார்த்தேன். துருப்பிடித்த குழாய். அதிலிருந்து தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு எழும்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. தொட்டியில் பாசி, அதில் ஒரு பிஸ்கட் உறை. மற்ற நாளாக இருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் பேசியிருப்பேன்.

"நல்லா ஒசரமா போவுதுங்க" என்றேன். "வெயில் பட்டு மின்னுது. புள்ளைங்க எல்லாம் சுத்தி நின்னு பாக்குதுங்க."

"வாட்டம்?"

"வாட்டம் சரியா இருக்குது. ஒரு சொட்டு வெளிய வழியல."

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். தொட்டியின் ஒரு பக்கம் வழிந்த தண்ணீர் ஓடி வந்து என் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. அவர் கால் நனைந்துவிடக் கூடாது என்று, செருப்போடு அதை மெதுவாகத் தண்ணீர் வராத பக்கம் நகர்த்தி வைத்தேன்.